பரணில் கிடக்கும் ஸ்பூல் டேப்பைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

கேஸட்டுக்கு முன்னால் வீடுகளில் இருந்த, திறந்த சக்கரத்தில் சுற்றிய ஒலிநாடாதான் ஸ்பூல் டேப். பழைய ஸ்பூல் டேப் கையில் கிடைத்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, "எங்கேயாவது ஓட்டிக் கேட்டுப் பார்த்துவிடலாமே" என்பதுதான். இப்போதைக்கு வேண்டாம். ஐம்பது, அறுபது வருடம் பொறுத்த டேப் இன்னும் இரண்டு மாதம் பொறுக்கும். எண்ணெய் காணாத, ரப்பர் இறுகிப்போன மெஷினில் ஆசைக்கு ஒருமுறை ஓட்டினால் அறுந்தும் போகலாம், உருளையில் சிக்கிக் கசங்கியும் போகலாம். மெஷின் தயார், கணினி தயார், ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நிலை வந்த பிறகே டேப்பை முதல்முறையாக ஓட்ட வேண்டும். சில டேப்புகள் ஒரே ஒருமுறைதான் ஒழுங்காக ஓடும். அந்த ஒருமுறை வீணாகப் போய்விடக் கூடாது.

சென்னை வீடுகளில் இப்படிக் கிடக்கும் ஸ்பூல்கள் கொஞ்சநஞ்சமல்ல. மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் சபாக் கச்சேரிகளை உட்கார்ந்து பதிவு செய்தவர்கள் இருந்தார்கள். ரேடியோவுக்குப் பக்கத்தில் மைக்கை வைத்துப் பிடித்தவர்கள், கல்யாணத்தில் வாசித்த நாகஸ்வரத்தைப் பிடித்தவர்கள், குழந்தையின் மழலையைப் பிடித்துச் சிங்கப்பூருக்கு அனுப்பியவர்கள் என்று பலர். கேஸட் 1963-லேயே வந்துவிட்டது என்றாலும் நம் ஊர் வீடுகளில் ஸ்பூலை ஓரங்கட்ட அதற்குப் பல வருடம் பிடித்தது.

பார்த்து, முகர்ந்து, எழுதி வைத்தல்

முதல் வேலைக்கு மெஷின் தேவையில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு டப்பாவையும் திறந்து ஃபோனில் படம் எடுங்கள். டப்பாவின் முன்பக்கம், பின்பக்கம், உள்ளே இருக்கும் துண்டுச் சீட்டு, ஸ்பூலின் மேல் எழுதியிருப்பது எதையும் விடாதீர்கள். பென்சிலில் "சங்கராபரணம், தனி, பாதி" என்று ஒரு வரி இருந்தால் அது பொன். டப்பாவும் ஸ்பூலும் காலப்போக்கில் மாறிப் போயிருப்பதும் சகஜம் என்பதால், எந்த டப்பாவுக்குள் எந்த ஸ்பூல் இருந்தது என்பதும் படத்தில் தெரியட்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுங்கள். எண்ணை டப்பாவின் மேல் எழுதினால் போதும். டேப்பின் மேல் எதையும் ஒட்ட வேண்டாம்.

அடுத்தது மூக்கு. பழைய டேப்பின் அடிநாடா அசிட்டேட், பாலியஸ்டர் என்ற இரண்டு வகைப் பிளாஸ்டிக்கில் ஒன்றாக இருக்கும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அது அசிட்டேட் டேப், சிதையத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து கிளம்பும் ஆவி பக்கத்தில் இருக்கும் மற்ற அசிட்டேட் டேப்புகளையும் கெடுக்கும். அதைத் தனியே வையுங்கள், முதலில் பதிவு செய்ய வேண்டியவற்றின் வரிசையில் அதற்கே முதலிடம். நெடி இல்லாவிட்டாலும் டேப்பின் வகையைக் கண்டுபிடிக்கலாம். ஸ்பூலை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சுற்றியிருக்கும் டேப் அடுக்கின் ஊடே மங்கலாக வெளிச்சம் கசிந்தால் அசிட்டேட். கருப்பாக அடைத்துக்கொண்டு நின்றால் பெரும்பாலும் பாலியஸ்டர். அசிட்டேட் அறுந்தால் சுத்தமாக அறும், ஒட்டிவிடலாம். பாலியஸ்டர் அறுவதற்கு முன்னால் ரப்பர் போல இழுபடும். இழுபட்ட இடத்தில் இருந்த பாட்டை யாராலும் மீட்க முடியாது. அதனால் பாலியஸ்டர்தான் கெட்டி என்று நம்பி முரட்டு மெஷினில் போடாதீர்கள்.

டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடியோ பஞ்சோ படர்ந்திருந்தால் பூஞ்சை. முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான பால்கனியில், நிழலில் வைத்துத்தான் அதைத் தொட வேண்டும். டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு சில நாள் மூடி வைத்து ஈரம் போன பிறகு, மென்மையான பிரஷ்ஷால் வெளி ஓரத்தை மட்டும் துடைக்கலாம். வெயிலில் வடாம் போலப் பரப்பிக் காயவைக்கும் யோசனை எந்த வீட்டிலும் யாராவது ஒருவர் சொல்வார். மரியாதையாக மறுத்துவிடுங்கள், டேப் நெளிந்து போகும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரம், ஜாஃபர்கான்பேட்டைப் பக்கம் தரைத்தள வீடுகளில் பீரோவின் அடித்தட்டு வரை தண்ணீர் ஏறியது. அப்படி நனைந்து, சேற்றோடு காய்ந்துபோன டேப்பை நீங்களாகப் பிரிக்க முயல வேண்டாம். அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இழுத்தால் ஒலி இருக்கும் பழுப்புப் பூச்சு உரிந்து வந்துவிடும். அது அனுபவசாலியின் கைக்குப் போக வேண்டிய டேப்.

பதிவு முடியும்வரை எங்கே வைப்பது? பரணில் கூடாது. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரண் அடுப்புக்குச் சமம். அறையின் நடுத்தட்டில், புத்தகம் மாதிரி செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். ஸ்பீக்கர், ஸ்டெபிலைசர் பக்கத்தில் வேண்டாம், பாச்சை உருண்டையும் வேண்டாம். ஏசி அறையில் வைத்தால் நல்லதுதான், ஆனால் ராத்திரி மட்டும் ஏசி ஓடி, பகலெல்லாம் வெக்கையில் கிடந்தால் அந்த ஏற்ற இறக்கமே கெடுதல். அதற்குச் சீரான சூட்டில் இருக்கும் பீரோவே தேவலை.

மெஷின்

தாத்தாவின் மெஷினும் கூடவே கிடைத்திருந்தால் உடனே பிளக்கைச் செருகாதீர்கள். இருபது வருடமாக மின்சாரம் காணாத மெஷினில் கெப்பாசிட்டர்கள் புகை விடும், சமயத்தில் வெடிக்கவும் செய்யும். விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் மெஷினுக்கு உயிர் கொடுப்பார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், மெஷின் தப்பிக்கும். பெல்ட்டுகள் பல மெஷின்களில் தாராக உருகிப் போயிருக்கும். டேப்பை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளை கண்ணாடி போல இறுகியிருக்கும். பெல்ட், உருளை, கெப்பாசிட்டர் மூன்றையும் மாற்றி, எண்ணெய் போட்டு, வேகம் பார்த்துத் தரச் சொல்லுங்கள். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கேபிள், பிளக், கெப்பாசிட்டர் எல்லாம் வாங்கலாம். ஆனால் ஸ்பூல் மெஷினைத் தொட்டுப் பழகிய மெக்கானிக் யார் என்பதை வாய்மொழியாகத்தான் விசாரித்துப் பிடிக்க வேண்டும்.

மெஷின் வாங்குவதாக இருந்தால், வீட்டு டேப்புகளுக்கு ஆக்காய் 4000 டிஎஸ் போன்ற எளிய மெஷினே போதும். 7 அங்குல ஸ்பூல் வரை ஏற்கும், வீடுகளில் வழக்கமாக இருந்த இரண்டு வேகங்களிலும் ஓடும். ரிவாக்ஸ் ஏ77 இன்னும் மேல், விலையும் அப்படியே. 5 அங்குலச் சின்ன ஸ்பூல்கள் மெதுவான வேகத்தில் பதிவானவையாக இருந்தால் ஊஹர் 4000 ரிப்போர்ட் என்ற கையடக்க ஜெர்மன் மெஷின் உதவும், அதில் நான்கு வேகம் உண்டு. வாங்கும் முன்னால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: இது அமெரிக்காவிலிருந்து வந்ததா? 110 வோல்ட் பிரச்சினையை டிரான்ஸ்ஃபார்மர் தீர்த்துவிடும். 60 ஹெர்ட்ஸ் பிரச்சினையைத் தீர்க்காது. அதைப் பற்றிக் கொஞ்சம் கீழே.

மெஷின் வந்ததும் ஹெட்டை, அதாவது டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் பாகத்தை, சுத்தம் செய்வது தினசரி வேலை. 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைக் காதுக்குச்சியில் தொட்டு ஹெட், உலோகத் தண்டு, டேப் உரசிப் போகும் வழிகாட்டிகள் எல்லாவற்றையும் துடையுங்கள். குச்சி பழுப்பாக வந்தால் இன்னொன்று எடுங்கள், வெள்ளையாகவே வரும்வரை. ரப்பர் உருளையை ஆல்கஹால் இல்லாமல், சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிட்டால் ரப்பர் நீடிக்கும். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தண்ணீரும் வேறு சிலவும் கலந்திருக்கும், அதைத் தவிருங்கள். முதலில் ஒன்றுக்கும் உதவாத டேப் ஒன்றை முழுதாக ஓட்டிப் பார்த்து, அது கசங்காமல் மறுபக்கம் போய்ச் சேர்ந்தால்தான் உங்கள் டேப்பை எடுக்க வேண்டும்.

கணினிக்கு இணைப்பு

மெஷினின் லைன் அவுட்டிலிருந்து (ஒலி வெளிவரும் சாக்கெட்) ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி), அதிலிருந்து யூஎஸ்பி வழியாக லேப்டாப். லேப்டாப்பின் மைக் ஓட்டையில் நேராகச் செருகாதீர்கள், அது இதற்கானதல்ல. ஃபோக்கஸ்ரைட், பெரிஞ்சர் வகைகளில் இரண்டு உள்ளீடு கொண்ட சின்னப் பெட்டி போதும். பழைய க்ருண்டிக், ஃபிலிப்ஸ் மெஷின்களில் வட்டமான ஐந்து முள் டின் (DIN) சாக்கெட்தான் இருக்கும். அதற்கு டின்–ஆர்சிஏ கேபிள் வேண்டும், எந்த முள் எதற்கு என்று அந்த மெஷினின் சர்க்யூட் படத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மென்பொருள் ஆடாசிட்டி. இலவசம், தமிழ்நாட்டில் யாரிடம் கேட்டாலும் சொல்லிக்கொடுப்பார்கள்.

அமைப்பு இப்படி இருக்கட்டும்: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் ஃபைல். உலக அளவில் ஒலி ஆவணக் காப்பகங்கள் 48 கிலோஹெர்ட்ஸைக் குறைந்தபட்சமாக வைத்து, 96-ஐப் பரிந்துரைக்கின்றன. ஸ்டீரியோவாக 96-ல் எடுத்தால் மணிக்கு ஏறக்குறைய 2 ஜிபி ஆகும். இன்றைய ஹார்ட் டிஸ்க் விலையில் அது ஒரு செலவே அல்ல. நேராக எம்பி3-யாகப் பதிவு செய்வதைப் பலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. வேவ் ஃபைலிலிருந்து எத்தனை எம்பி3 வேண்டுமானாலும் எடுக்கலாம், திரும்பிப் போக வழி கிடையாது. ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தனி ஆவர்த்தனம் முடிந்து கைதட்டல் வரும் இடத்தில்தான் பெரும்பாலும் எகிறும்.

இரைச்சல் நீக்கும் வசதியைப் பதிவின்போது அணைத்தே வையுங்கள். மூலப் பதிவு டேப்பில் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும், உஸ் என்ற ஓசையோடு. சுத்தம் செய்வதைப் பிரதியில் செய்துகொள்ளலாம். இரைச்சலைத் துடைக்கிறேன் பேர்வழி என்று தம்புராவையும் சேர்த்துத் துடைத்த பதிவுகளை நிறையக் கேட்டாயிற்று.

எத்தனை தடம்?

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. வீட்டு டேப்பின் அகலம் கால் அங்குலம். அந்தக் கால் அங்குலத்துக்குள் ஒலி எப்படிப் பங்கு போடப்பட்டிருக்கிறது என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். அரைத்தட மோனோவில் மேல் பாதி ஒரு பக்கம், கீழ்ப் பாதி மறுபக்கம், எதிர்த்திசையில். கால்தட மெஷினில் நான்கு கோடுகள். ஒன்றும் மூன்றும் ஒரு திசை, இரண்டும் நான்கும் எதிர்த்திசை.

கால்தட ஸ்டீரியோ மெஷினில் போட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டால் பத்து விநாடியில் விடை தெரியும். இரண்டு காதிலும் ஒரே கச்சேரி என்றால் ஸ்டீரியோ, அல்லது டேப்பின் முழு அகலத்துக்கும் பதிவான மோனோ. இடது காதில் பாட்டு, வலது காதில் தலைகீழாக ஏதோ பேச்சு என்றால் அரைத்தட மோனோ. வலது சானலைத் தனியே பிரித்து ஆடாசிட்டியில் ரிவர்ஸ் செய்தால் அதுதான் இரண்டாம் பக்கம், டேப்பைத் திருப்பி மறுபடி ஓட்டும் வேலை மிச்சம். இடது காதில் தோடி, வலது காதில் நேராகவே வேறொரு கல்யாணி என்றால் நான்கு தனித்தனி மோனோ தடங்கள். டேப் விலை கொடுத்து மாளாத காலத்தில் சிக்கனக்காரர்கள் செய்த வேலை. 1800 அடி டேப்பை விநாடிக்கு 3¾ அங்குல வேகத்தில் ஓட்டினால் ஒரு தடத்துக்கு 96 நிமிடம், நான்குக்கும் சேர்த்து 6 மணி 24 நிமிடம். இதை அறியாமல் இரண்டையும் கலந்து மோனோவாகச் சேமித்துவிட்டால் தோடியும் கல்யாணியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. எப்போதும் ஸ்டீரியோவாகவே பதிவு செய்து, பிறகு பிரியுங்கள்.

வேகமும் சுருதியும்

வேகம் தப்பினால் பாட்டின் சுருதி தப்பும். இதில் நம் சங்கீதம் நமக்கே பெரிய துணை.

வீட்டு டேப்புகளில் வழக்கமான வேகம் விநாடிக்கு 7½ அல்லது 3¾ அங்குலம், சிக்கனத்துக்கு 1⅞. ஒன்றுக்கு இன்னொன்று சரிபாதி என்பதால் இந்தத் தவறு உடனே காதுக்குத் தெரிந்துவிடும். பாடகர் அணில் மாதிரிக் கீச்சிடுவார், அல்லது குகைக்குள்ளிருந்து பேசுவார். நைசாக ஏமாற்றுவது சின்ன வித்தியாசம்தான். அமெரிக்க மெஷின் விவகாரம் அப்படிப்பட்டது. பழைய மெஷின்கள் பலவற்றில் மோட்டார், மின்சாரத்தின் அலைவெண்ணைப் பிடித்துக்கொண்டு சுழலும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். கேட்பவருக்கு ஏதோ மந்தமாக, சோகமாகப் பாடுவது போலத் தெரியுமே தவிர, தப்பு என்று தோன்றாது. சில மெஷின்களை மெக்கானிக்கைக் கொண்டு 50-க்கு மாற்றிக்கொள்ளலாம். ரிவாக்ஸ் ஏ77-ல் மோட்டார் வேகத்தை உள்சுற்றே கட்டுப்படுத்துவதால் இந்தத் தொல்லை இல்லை.

மெஷின் சரியாக இருந்தாலும் பதிவு செய்த மெஷின் சரியாக இருந்திருக்க வேண்டுமே. அதனால் பதிவு முடிந்ததும் சுருதிப்பெட்டியை எடுத்து வைத்துத் தம்புராவோடு ஒத்துப் பாருங்கள். அந்தப் பாடகர் வழக்கமாக எத்தனை கட்டையில் பாடுவார் என்பது வீட்டில் யாராவது ஒரு பெரியவருக்குத் தெரிந்திருக்கும். நாகஸ்வரத்தில் இன்னும் எளிது, வாத்தியத்தின் கட்டை அதன் நீளத்திலேயே இருக்கிறது.

காதை நம்பாதவர்களுக்கு இன்னொரு வழி. அக்காலப் பதிவுகளில் மின்சார ஹம் ஓசை பெரும்பாலும் கூடவே பதிவாகியிருக்கும். யாரும் பாடாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரத்தை, அதாவது எந்த அலைவெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படத்தை, பாருங்கள். இங்கே பதிவான டேப் என்றால் 50, 100 ஹெர்ட்ஸில் மேடு தெரிய வேண்டும். 48, 96 என்று நின்றால் டேப் நான்கு சதவீதம் மெதுவாக ஓடியிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: உங்கள் மெஷினே போடும் ஹம் எப்போதும் 50-லேயே நிற்கும். டேப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பதிவு செய்து, எது மெஷினின் ஹம், எது டேப்பின் ஹம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வேகத் திருத்தமும் பிரதியில்தான். மூலத்தைத் தொட வேண்டாம்.

ஒலி மங்கலாக, பருத்தித் துணிக்குப் பின்னாலிருந்து வருவது போல இருந்தால் ஹெட்டின் சாய்வு டேப்போடு பொருந்தவில்லை. அசிமத் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஸ்க்ரூவை மயிரிழை திருப்பினால் சதங்கையும் தாளச் சத்தமும் பளிச்சென்று தெளியும் இடம் ஒன்று வரும். டேப்புக்கு டேப் இதைப் பார்க்க வேண்டும். பிற்பாடு கணினியில் செய்யும் எந்த வித்தையும் இதற்கு ஈடாகாது.

ஓடும்போது வரும் தொல்லைகள்

பழைய ஒட்டுகள் பிரிந்துகொண்டு வரும். ரெக்கார்டிங்கை நிறுத்தாமல் மெஷினை மட்டும் நிறுத்தி, அதற்கென்று விற்கும் ஒட்டு டேப்பால் ஒட்டுங்கள். செல்லோடேப் கூடாது, அதன் பசை வழிந்து அடுத்த சுற்றையும் ஒட்டவைத்துவிடும். முழு வேகத்தில் முன்னும் பின்னும் ஓட்டுவதையும் தவிருங்கள். பதிவு முடிந்ததும் பின்னோக்கிச் சுற்றாமல், ஓடி முடிந்த நிலையிலேயே, சீராகச் சுற்றியபடி எடுத்து வைப்பது டேப்புக்கு நல்லது.

டேப் கீச்சென்று கத்தி, ஹெட்டில் பழுப்புப் பிசுக்கு அப்பினால் உடனே நிறுத்துங்கள். 1970-களின் நடுவிலிருந்து வந்த சில ஸ்டூடியோ டேப்புகளில் (ஆம்பெக்ஸ் 456 பேர்போனது) பூச்சைப் பிடித்து வைக்கும் பசை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுத்துப் போகிறது. சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதற்கு வைத்தியம், ஏறக்குறைய 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரம் போலச் சூடாக்கி, முழுதாக ஆறவிட்டு, சில வாரங்களுக்குள் பதிவு செய்வது. சூட்டைத் துல்லியமாகக் காட்டும், காய்கறி உலர்த்தும் டீஹைட்ரேட்டரில்தான் செய்கிறார்கள். சமையலறை ஓடிஜி அவனில் முள் காட்டுவது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று, அதில் வேண்டவே வேண்டாம். அசிட்டேட் டேப்பை ஒருபோதும் சூடாக்கக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான். சந்தேகம் இருந்தால் சூடாக்காதீர்கள். அறுபதுகளின் வீட்டு டேப்புகளுக்கு இந்த வியாதி பெரும்பாலும் கிடையாது.

பெயர், பிரதி, உரிமை

ஃபைல் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், ஸ்பூல் எண், பக்கம், தடம் என்ற வரிசையில் வையுங்கள். "அப்பா கச்சேரி புதுசு ஃபைனல்" மாதிரிப் பெயர்கள் ஆறு மாதத்தில் யாருக்கும் புரியாது. விவரங்களைத் தனி எக்செல் தாளில் எழுதுங்கள்: யார், எங்கே, எப்போது, பக்கவாத்தியம், பாட்டு வரிசை, எந்த மெஷினில் எந்த வேகத்தில் ஓட்டினீர்கள். பாட்டை அடையாளம் காண முடியாவிட்டால் வீட்டுப் பெரியவரை உட்காரவைத்து ஓட்டுங்கள், அவர் சொல்வதையும் ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள். "மிருதங்கம் யாரு தாத்தா?" என்று கேட்டால் மிருதங்கத்தோடு அன்றைக்கு சபா கேன்டீனில் என்ன போட்டார்கள் என்பதும் வரும். இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். டேப்பை விட அவசரமானது இது.

மூன்று பிரதி. இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க், மூன்றாவது வேறு இடத்தில், பெங்களூர் அக்கா வீட்டிலோ கிளவுடிலோ. ஹார்ட் டிஸ்க்கை வருடம் ஒருமுறையாவது செருகி, சில ஃபைல்களைத் திறந்து கேட்டுப் பாருங்கள். ஐந்தாறு வருடத்தில் புதியதுக்கு மாற்றுங்கள்.

யூடியூபில் போடுவதற்கு முன்னால் யோசியுங்கள். டேப் உங்களுடையது என்பதால் அதில் பாடியவரின் உரிமை உங்களுடையதாகிவிடாது. இந்தியச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை 50 வருடம், ஒலிப்பதிவின் பதிப்புரிமை 60 வருடம். பாடகரின் குடும்பத்தைத் தேடிப்பிடித்து ஒரு பிரதியைக் கொடுத்து, ஒரு வார்த்தை கேட்பது முறையும்கூட. அவர்களிடமே இல்லாத கச்சேரியாக அது இருக்கவும் வாய்ப்புண்டு.

கணினியில் ஏற்றியாயிற்று என்று ஸ்பூலைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பத்து வருடம் கழித்து இதைவிட நல்ல ஹெட்டில் ஓட்டிப் பார்க்கத் தோன்றலாம். வீட்டில் வைக்க இடமில்லை என்றால், எண்ணும் எக்செல் தாளுமாக, தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். பட்டியலோடு போகிறவர்களிடம் எந்தக் காப்பகமும் கொஞ்சம் கூடுதல் நேரம் பேசும்.